நிற்பது தெரியாத பிரேக்

"நிக்கிறதே தெரியக் கூடாதுண்ணே. அப்படி ஒரு பிரேக் இருக்கா?"

கேட்டவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் நான் பரப்பி வைத்த பிரேக் பேட்களை ஒவ்வொன்றாக எடுத்து, காய்கறி பொறுக்குகிற மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

எனக்கு ஆச்சரியம். இந்த வயதில் என் கடைக்கு வருகிறவன் எல்லாம் சக்கரத்துக்குள்ளே சிவப்பாக ஏதாவது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பான். பந்தயத்துக்குப் போகிறவன் மாதிரி பேசுவான். போவது என்னவோ ஆபீசுக்கு. அவனுக்கென்றே ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். தினமும் ஓட்டுகிற வண்டிக்குப் பந்தய பேட் ஆகாதப்பா, அது சூடேறினால்தான் பிடிக்கும், வீட்டைவிட்டுக் கிளம்பிய முதல் சிக்னலிலேயே காலை வாரிவிடும்.

இவரிடம் அந்தப் பாட்டுக்கு வேலையே இல்லை.

"நிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்குது. அவளால தாங்க முடியல," என்றார். அவள் என்றால் மனைவி.

வண்டியைப் போய்ப் பார்த்தேன். முன் சீட் கட்டில் மாதிரி பின்னால் சாய்ந்து கிடந்தது. இடுப்புக்கு ஒரு தலையணை, கழுத்துக்கு ஒன்று. கதவுப் பையில் வாந்தி எடுப்பதற்குப் பிளாஸ்டிக் கவர்கள், பாதி எலுமிச்சம்பழம்.

புரிந்துவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

"இதைச் சொல்ல வேணாமா தம்பி! ஸ்வீட் எங்க?"

அவர் சிரித்தார். சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. இருப்பதிலேயே மென்மையான பேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பேட் கவ்விப் பிடிக்கிற டிஸ்க்கையும் மாற்றிவிடலாம், அது நெளிந்திருந்தால் குலுக்கல் போகாது என்றேன். அறுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்றுதான், புதுசு என்பதால் முதல் சில வாரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஓட்ட ஓட்டப் பழகிவிடும்.

அவர் பேட்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

"அவ்வளவு வாரமெல்லாம் இல்லண்ணே. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு. பன்னெண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க."

மேசைமேல் கிடந்த மற்ற பேட்களை ஒதுக்கிவைத்தேன்.

"ஆம்புலன்ஸ் வேணாங்கறா. தினமும் போய்வந்த வண்டியிலயே வரேங்கறா. எலும்பு முழுக்க வலி. பள்ளம் மேடுன்னா பல்லைக் கடிச்சுக்கறா. பிரேக் போட்டா மட்டும் அழுதுடறாண்ணே."

என் நாக்கில் சூடு வைக்க வேண்டும். ஸ்வீட் எங்கே என்று கேட்டேனே, பாவி.

கையில் இருந்த வேலைகளை எல்லாம் தள்ளிவைத்தேன். டிஸ்க், பேட் இரண்டையும் நானே மாட்டினேன்.

"ஏறுங்க தம்பி. இன்னிக்குப் பொழுதுக்குள்ள பழக்கிடறேன். நாளைக்கும் நானே ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காந்து அவங்க தோளைப் பிடிச்சுக்குங்க."

எங்கள் கடையில் பிரேக் சோதனைக்கு மெஷின் கிடையாது. டாஷ்போர்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்போம். அன்றும் வைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி அவர் வீட்டைப் பார்த்துக் கிளம்பினோம். முன் சீட்டை நான் நிமிர்த்தவில்லை.

முதல் சிக்னலிலேயே டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் மொத்தமும் தலையணைமேல். பின்சீட்டிலிருந்து அவர் எட்டித் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் டம்ளரை மறுபடி நிரப்பினேன்.

போனோம், வந்தோம். மறுபடி போனோம். ஒவ்வொரு தடவை சிந்தும்போதும் பின்னாலிருந்து "அய்யோ" என்றொரு சத்தம் வந்தது. வெயில் இறங்க இறங்க பிரேக் என் காலுக்குப் படிய ஆரம்பித்தது. சிந்துவது நின்றது. அப்புறம் தளும்புவதும் குறைந்தது.

கடைசி நடையில் வண்டி நின்றதே எனக்குத் தெரியவில்லை. டம்ளரைப் பார்த்தேன், தண்ணீர் அப்படியே இருந்தது.

"வீடு வந்தாச்சு தம்பி," என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் இறங்கவில்லை. நனைந்த தலையணையைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு கிலோமீட்டர் இவ்வளவுதானாண்ணே?" என்றார்.