இத்தா வீட்டுச் சுவர்

"செருப்பைக் கழட்டாதீங்க சேர். நிலமெல்லாம் காரை உதிர்ந்து கிடக்கு."

குரல் மட்டும்தான் வந்தது, ஆளைக் காணவில்லை. கட்டட இன்ஸ்பெக்டர் தோமஸ் எத்தனையோ வீடுகளில் ஏறி இறங்கியவர். ஆனால் ஒரு திரைச்சீலையோடு கதைப்பது இந்தக் கண்டக்குழி வீட்டில்தான்.

திரைக்குப் பின்னால் இருந்த சித்தி லெய்லா என்ற பெண் இத்தாவில், கணவரை இழந்தவர் காக்கும் துக்க நாட்களில், இருந்தார். கணவர் அத்தாஉல்லா மவுத்தானதிலிருந்து, அந்த நாட்கள் முடியும்வரை, பிற ஆண்கள் கண்ணில் படமாட்டார். வீட்டுப் படியும் இறங்கமாட்டார். ஜன்னல்களைச் சாத்தி, முன்கதவையும் ஒருக்களித்து வைத்திருந்ததால் பட்டப்பகலிலும் முன்னறையில் இருட்டு. மக்கா, மதீனா, குர்ஆன் வசனம் என்று மரச்சட்டம் போட்ட படங்கள் உயரத்தில் நிழலாகத் தொங்கின.

பக்கத்துக் காணியில் விடுதி கட்ட ஆழமாகத் தோண்டப் போய், இந்த வீட்டின் நடுச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. போன முறை வந்தபோது தோமஸ் அந்த வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார். மிச்சப் பசையை ஜன்னலோரம் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"சுவர் ஒரு நூல் அசைஞ்சாலும் இது உடைஞ்சிடும் ராத்தா. உடைஞ்சா அண்டைக்கே நீங்க வீட்டை விட்டு எழும்பணும்" என்று அப்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இன்று டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் வெடிப்பு முன்னைவிட அகன்றிருப்பதுபோல ஓர் உறுத்தல். 'எனக்கு என்ட கண்ணில நம்பிக்கை இல்ல, கண்ணாடியிலதான் நம்பிக்கை' என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சரசர... யாரோ மெல்லத் தாள் புரட்டுவதுபோல.

"உள்ளுக்கு வேற ஆராச்சும் இருக்காங்களா ராத்தா?"

"இல்லையே சேர். நான் மட்டும்தான்."

சத்தம் திரைப் பக்கமிருந்து வரவில்லை, தலைக்கு மேலிருந்து வந்தது. தோமஸ் நிமிர்வதற்குள் பின்னறைக் கதவு கிறீச்சென்று தானாகத் திறந்தது.

"காத்தா?"

"காத்து எங்க சேர்? ஜன்னலெல்லாம் பூட்டிக் கிடக்கு. அது அவருதான்."

"எவர்?"

"என்ட மனுசன். கதவைத் திறப்பார், கூரையில நடப்பார், ஓடெல்லாம் முனகும். எனக்குப் பயமில்ல." குரல் இளகியது. "உசிரோட இருந்த காலமெல்லாம் கடலே கதியெண்டு கிடந்தார். இப்பதான் சேர் வீட்டோட இருக்கார். அவரைத் தனிய விட்டுட்டு நான் எங்க போக?"

தோமஸ் திறந்த கதவையே பார்த்தார். பேய், பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் அவர். சுவர் நகர்ந்தால் கதவுநிலை பிசகும், கதவு தானாகத் திறக்கும், ஓடு முனகும். எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் உண்டு. ஆனால் சுவர்தான் நகரவில்லையே! கண்ணாடி முழுசாக இருக்கிறதே! அப்படியானால் அந்தக் கதவைத் திறந்தது யார்?

"ராத்தா, ஆபத்தெண்டா இத்தாவிலயும் வீடு மாறலாம் எண்டு மௌலவியே சொல்லுவாரே. எத்தாளையில தங்கச்சி வீட்டுல போய் இருங்களேன்."

"ஆபத்து இருந்தாத்தானே சேர்? கண்ணாடி உடையல்லையே."

தோமஸ் இன்னொருமுறை கண்ணாடியில் டோர்ச் அடித்தார்.

"ஓம்... உடையல்லதான்," என்றார். "சரி, இருங்க. சுவர் அசையிறது நிண்டுட்டுது எண்டு எழுதிக் குடுக்கிறன்."

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான் சேர்." திரைக்குப் பின்னால் விம்மல் கேட்டது.

இனி ஒரு நிமிஷமும் அந்த இருட்டில் நிற்க அவருக்கு மனமில்லை. அவசரமாக வாசலுக்கு நடந்தார். அவர் கைபடும் முன்னரே முன்கதவு கிறீச்சிட்டு அகலத் திறந்துகொண்டது. தோமஸ் வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டார்.

வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து உள்ளே பாய்ந்தன. ஜன்னலோரம் அவர் மறந்துவிட்டுப் போன பசைக் குழாய் காலியாக நசுங்கிக் கிடந்தது. தலைக்கு மேல் அதே சரசரப்பு, இப்போது பலமாக. அண்ணாந்து பார்த்தார். சட்டத்துக்குள் மக்காப் படத்தின் தாள் காற்றில் உப்பி, அடங்கி, படபடத்தது. பக்கத்தில் மதீனாவும் படபடத்தது. அதற்கடுத்து குர்ஆன் வசனம். ஒரு சட்டத்திலும் கண்ணாடி இல்லை.

அவருக்குப் பின்னால், வெடிப்பின் மேல், கடைசித் துண்டு 'டிக்' என்று உடைந்தது.