பெரியவருக்கு முதலிடம்

ஜுமாதில் மறுபடியும் அதே வரியைத் தட்டினார். நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் மறுபடியும் அதே பதிலைச் சொன்னது: தரவுத்தளத்தைத் திறக்கும் கட்டளை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

பிஷ்கேக்கில் அவர் வேலை பார்க்கும் நீர்ப்பாசன அலுவலகத்தில், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வது அவர் எழுதிய நிரல்தான். புது இயந்திரத்தில் அது மதியத்துக்குள் ஓட வேண்டும். ஓடினால் அவர் தலைமை நிரலாளர். ஓடாவிட்டால் ஆலோசகர்.

அந்த அலுவலகத்தில் ஆலோசகர் என்றால், யாரும் எதையும் கேட்காத ஆள்.

தெரியவில்லையாமே! அதற்காகத்தானே தரவுத்தளத்தோடு ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரல் வருகிறது? எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, கம்பைலருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் மணிமணியாகச் சொல்லும். அது சொன்னதை அப்படியே வரியின் முதலில் போட்டிருந்தார், தன் நிரலின் பெயருக்கு முன்னால்.

பெரியவர்களை உட்கார வைத்துவிட்டுத்தானே மற்றவர்கள் உட்கார வேண்டும்? தரவுத்தளம் எத்தனை பெரியது, தன் நிரல் எத்தனை சுண்டைக்காய். இத்தனை வருடமும் அப்படித்தான் எழுதிவந்தார். பழைய இயந்திரமும் மரியாதை தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசை எர்மெக் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, போன வருசத்துலேர்ந்து சொல்றேன். ஸ்கிரிப்டைக் கடைசியில போடுங்க. இது இடமிருந்து வலமாத்தான் படிக்கும். யாரும் கூப்புடுறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கிறவரை, இவருக்கு இங்க வேலையில்லன்னு தள்ளிட்டுப் போயிரும்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கம்பைல் பண்ணவன்டா நான்."

எர்மெக் சாப்பிடப் போனான். அவன் கதவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, ஜுமாதில் ஸ்கிரிப்டைக் கடைசிக்கு மாற்றினார்.

ஓடியது.

திரையில் வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தப்பித்தோம் என்று நினைத்தார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் அய்பெரி கதவருகே வந்து நின்றாள். திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ரொம்ப சந்தோசம்ண்ணே. வாங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க."

சாப்பாட்டு அறையில் அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். கதவுக்கு நேரெதிரே, மூத்தவருக்கான இடத்தில் உட்கார வைத்தார்கள். விருந்தில் மூத்தவருக்கென்றே வைக்கும் ஆட்டுத்தலை, குழைய வெந்து, தட்டோடு அவர் முன்னால் வந்தது. ஒரே ஒரு வரியை மாற்றியதற்கு இத்தனை மரியாதையா என்று மனிதர் பூரித்துப்போனார்.

கத்தியைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. இந்த அறையில் கடைசியாக ஆட்டுத்தலை வாங்கியவர் கணக்கர் ஓமுர்பெக். அவர் இப்போது ஆலோசகர்.

ஆட்டுத்தலை வேக அரைநாள் பிடிக்கும். காலையிலேயே அடுப்பில் ஏற்றியிருக்க வேண்டும். அவருடைய நிரலோ சற்று முன்புதான் ஓடியது.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

தலையை அறுப்பவர் காதைச் சின்னவர்களுக்குக் கொடுப்பது வழக்கம், சொன்ன பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று. எர்மெக் கையை நீட்டினான்.

ஜுமாதில் காதை அறுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.