செத்த பேட்டரிக்குத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் வெர்லின், எங்கள் டிரெய்லர் வீட்டின் முன்பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்து, பேட்டரிப் பெட்டியைத் திறந்தார்.

நான் மடக்கு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, காபியோடு உட்கார்ந்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டாலும் விடுவார், மாதாமாதம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விடமாட்டார்.

எங்கள் ஊர் ஃபார்கோவில் பனி கொட்டத் தொடங்கியதும் இந்த அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுவோம். இங்கே கரண்ட் கம்பி கிடையாது. கூரையில் சோலார் பேனல், முன்னால் இரண்டு பேட்டரி, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஒன்றுதான். மகள் கிறிஸ்டாவுக்கு நான்கு வயதிருக்கும்போது, பீன்ஸ் சூடாகிக்கொண்டிருக்கையிலேயே விளக்கு மங்கி அணைந்துபோனது. இருட்டில் தடவித் தடவி ஒரே சட்டியில் மூன்று பேரும் சாப்பிட்டோம். என்ன சிரிப்பு அன்றைக்கு! அந்த ராத்திரிக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கனம் தூக்கக் கூடாது. அடுத்தவரைக் கை வைக்கவும் விடமாட்டார். தன் பேட்டரியைத் தானே மாற்ற முடியாத அன்று டிரெய்லரை விற்றுவிடுவதாகக் கிறிஸ்டாவிடம் சொல்லிவிட்டார். வீம்புக்காரர், சொன்னால் செய்வார்.

போன குளிர்காலத்தில் இரண்டு பேட்டரியும் செத்தன.

அவர் முடிவெட்ட ஊருக்குள் போன நேரம் பார்த்து, புது லித்தியம் பேட்டரி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்து நானே இணைத்தேன். கனமில்லாதது, தண்ணீர் கேட்காதது. இத்தனை வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவளுக்கு இது தெரியாதா? பழசு இரண்டையும் பெட்டியிலேயே விட்டுவைத்தேன். வெளியே வயர் தெரியும், உள்ளே எதோடும் சேர்ந்திருக்காது.

அதிலிருந்து அவர் செத்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இன்றும் ஒவ்வொரு மூடியாகத் திருகினார். சோதனைக் குழலின் ரப்பர் குமிழைப் பிழிந்து அமிலத்தை உறிஞ்சி, கண்ணாடிக் குழலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். உயிருள்ள பேட்டரி என்றால் மேலே எழும்ப வேண்டிய மிதவை அடியிலேயே கிடந்தது. நல்லவேளை, அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள்ளே இருந்தது. இரண்டும் கல்லு மாதிரி நன்றாக இருக்கிறது என்றார்.

நானும் தலையாட்டிவிட்டு, அந்தப் பீன்ஸ் கதையை மறுபடி எடுத்தேன். முதல்முறை கேட்பவர் போலச் சிரித்தார்.

தண்ணீர் ஊற்றி முடித்துப் பெட்டியை மூடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ராத்திரி உறைபனி விழுமாம், மார்லிஸ். கட்டிலுக்கடியில இருக்கே, அதுக்கு ஒரு போர்வை போத்திவிடு. அதுக்குக் குளிர் ஆகாது.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

அவர் காலிப் புட்டியைக் குலுக்கிப் பார்த்தார். பேட்டரித் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதத்துக்கு வாங்கி வை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.