பின்னாலிருந்து தள்ளுபவள்

சற்குணத்தின் காருக்கு பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. தினமும் காலையில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொள்ள, மனைவி தெய்வானை பின்னாலிருந்து தள்ளுவாள். வண்டி உறுமியதும் போய்விடுவார். நிறுத்தினால் அணைந்துவிடும். புது பேட்டரி மாற்றச் சொன்னால், "நீ இருக்கும்போது அது எதுக்கு?" என்பார்.

அவளுடைய அப்பா இறந்த செய்தி வந்த அன்றும் அழுதுகொண்டே தள்ளினாள். வண்டி கிளம்பிவிட்டது. "என்னங்க, நானும் வரணும்!" என்று தெருமுனைவரை ஓடினாள்.

இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அவர் போன் செய்தார்.

"இன்னும் எங்கடி இருக்க? உங்கப்பாவ எடுத்துட்டாங்க. உனக்கும் சேத்து நானே வாய்க்கரிசி போட்டுட்டேன். சீக்கிரம் வா. எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயிட்டாங்க, வண்டியத் தள்ள ஆளில்ல."