அடுப்படி வரை ஐந்து நிமிடம்

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த இருபதாம் நாள், சுமியாத்தி கட்டிலிலிருந்து அடுப்படிக்கு மலையேற்றம் கிளம்பியிருக்கிறாள். மெர்பாபு மலையில் இருபது வருஷம் வழிகாட்டியாக இருந்தவளின் கையில் இப்போது வாக்கர். பின்னால் கணவன் பர்ஜோ அவளுடைய பழைய மலைப்பையைச் சுமந்து வருகிறான்; உள்ளே இஞ்சித் தேநீர் பிளாஸ்க்கும் ஒரு தலையணையும். பட்டப்பகலில் நெற்றியில் டார்ச் வேறு கட்டியிருக்கிறான். அறையின் நிலைப்படிதான் முதல் முகாம். அங்கே ஒரு கோழி வழிமறித்து நின்று, யோசித்து, ஒதுங்குகிறது. ஜன்னல் வெயில் சிமெண்டுத் தரையில் ஆறுபோல் குறுக்கே கிடக்கிறது. அதை அவள் நாலு அடியில் கடக்கிறாள். பிரிட்ஜ் அருகே மகள் வுலன் எதிரே வருகிறாள், சிகரத்திலிருந்து இறங்குபவளைப் போல. "இன்னும் எவ்வளவு தூரம்டி?" என்று மூச்சு வாங்கக் கேட்கிறாள் சுமியாத்தி. "தோ, அஞ்சே நிமிஷம்தாம்மா!" "அடிப்பாவி, என் பொய்ய எனக்கே சொல்றியா?" களைத்து ஏறுகிறவர்களிடம் அவள் ஆயிரம் தடவை சொன்ன பொய் அது. சிரித்த சிரிப்பில் வாக்கர் ஆடுகிறது. பர்ஜோவின் இரண்டு கைகளும் பதறி எழுந்து, அவள் முதுகைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. "போதும் சுமி, திரும்பிடலாம். என்னால பாக்க முடியல. இன்னும் எவ்வளவு இருக்கு?" அவள் தூரத்து அடுப்பைப் பார்க்கிறாள். வாக்கரை ஓரடி முன்னே நகர்த்துகிறாள். "அஞ்சே நிமிஷம்தாங்க," என்கிறாள், "பயப்படாம என் பின்னாலயே வாங்க."