என் பெயருக்குக் கீழே வெள்ளை

என் கட்டுரையைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தலைப்பு இருந்தது. என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஓர் எழுத்துகூட இல்லை.

அந்த நாட்களில் பஹ்ரைனில் இது புதிதல்ல. அச்சுக்குப் போகும் முன் எங்கள் வாரப் பத்திரிகையின் பக்கங்கள் ஆங்கிலேயத் தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் கோடு போட்டதை எடுத்துவிடுவோம். வேறு எதையும் அச்சுக் கோக்க நேரமிருக்காது, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சடிப்போம். அநேகமாகத் தலைப்பும் பெயரும்தான் முதலில் பறிபோகும். பத்திரிகையை வாங்குகிறவர்கள் வெள்ளை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள்.

இந்த வாரம் அரைப் பக்கம் வெள்ளை. நான் ஒரே நாளில் மாவீரனாகிவிட்டேன்.

"தம்பி ஜவாத், எண்ணெய் ஆலையில வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஐஸ் தண்ணி, நமக்குக் கொதிக்கிற குழாயான்னு கேட்டுட்டியாமே!" ஓர் ஆலைத் தொழிலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தண்ணியைப் பத்தியா? உனக்கு யாரு சொன்னது?" என்றார் பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி. "நம்ம ஊரு போலீசுக்கு எதுக்கு இங்கிலீஷ்காரன் அதிகாரின்னு எழுதியிருக்கான். எனக்கு அச்சகத்துலயே ஆள் இருக்கு."

"நீ கருவாடு கட்டத்தானே பேப்பர் வாங்குற?"

"இந்த வாரம் கட்டலையே! பத்திரமா வச்சிருக்கேன்."

நான் இருவரையும் பார்த்து அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கத்தைக் கண்ணாடி முன்னால் இரண்டு நாள் பழகியிருந்தேன். உண்மையில் என் கட்டுரை நிலவில் தொடங்கியது. நிலவொளியில் கடல், கரையில் தனித்த ஒரு பேரீச்சை மரம், அதன் பெருமூச்சு. மூன்றாவது பாராவில்தான் ஆங்கிலேயர் வந்தார்கள், அதுவும் ஒரு மேகமாக. அந்த மேகத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டானே என்று அதிகாரியின் இலக்கிய ரசனையை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் பூ அத்னான் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர். போன மாதம் கூலி உயர்வு கேட்டதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன நான்கு பேரில் அவர் மகன் அத்னானும் ஒருவன்.

"நாளைக்குக் காலையில கப்பல்லேருந்து ஒரு மூட்டை இறங்காது," என்றார். "நாலு பேரையும் விடுற வரைக்கும் இறங்காது. ஒரு மாசமா ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய்க் கெஞ்சினேன், ஒருத்தனும் அசையல. உன் கட்டுரையை வெட்டுனான் பாரு, எல்லாரும் கொதிச்சுட்டாங்க. ஆனா இன்னும் நூறு பேர் தயங்குறான். நீ வந்து அந்தக் கட்டுரையைச் சத்தமாப் படிக்கணும்."

"படிக்கிறேன், அண்ணே."

"உன்னையும் பிடிச்சுடுவாங்க."

"பிடிக்கட்டும்," என்றேன். கடையே எழுந்து நின்றது. யாரோ எனக்கு மூன்றாவது தேநீர் சொன்னார்.

பூ அத்னானோடு பத்திரிகை அலுவலகத்துக்கு நடக்கும்போதே கற்பனையில் என்னைத் தொலைதூரத் தீவு ஒன்றுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே எனக்குத் தாடி வளர்ந்தது. ஒரு நாவலும் எழுதினேன். கட்டுரையின் பிரதி மட்டும் என்னிடம் இல்லை; மேதைகள் பிரதி வைத்துக்கொள்வதில்லை என்று எங்கோ படித்திருந்தேன். மூலம் ஆசிரியரிடம்தான் இருந்தது.

ஆசிரியர் உஸ்தாத் மர்ஸூக் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். பூ அத்னானை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"உஸ்தாத், என் கட்டுரையைக் கொடுங்க. நாளைக்குத் துறைமுகத்துல படிக்கப்போறேன்."

கொறிப்பது நின்றது. "எதை?"

"என் கட்டுரையைத்தான்."

"வேணாம்டா. போய் முன்னால நில்லு. அந்த வெள்ளைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே."

"பயப்படுறீங்களா?"

"ரொம்ப. நானூறு பேர் ஒண்ணா நிக்கிறான்டா. இந்த ஊர்ல இப்படி நின்னு நான் பார்த்ததில்ல. அந்த மனுஷனோட பையன் வெளிய வர்றதுக்கு இருக்கிறது இந்த ஒரே வழி. நீ போய் நிலான்னு ஆரம்பிச்சேன்னு வை, அடுத்த நிமிஷம் அவனவன் மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டிடுவான்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என்னைச் சிறையில் போட்டால் தாங்குவேன். என் நிலாவைச் சொன்னால் தாங்க மாட்டேன்.

"ஒரு சாம்ராஜ்யமே நடுங்கிப்போய் வெட்டின கட்டுரை உஸ்தாத் அது!" என்று கத்தினேன். வாசலில் நிற்பவருக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். "ஒரு வரிகூட விட்டுவைக்க முடியல அவனால!"

உஸ்தாத் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே பூ அத்னானின் இருமல் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"கத்தாதடா. வெட்டினது நான்."