ஒரு நிமிஷ வேலை

கண்ணாடி ஜாடியில் தங்கமீன் வயிறு வீங்கி, ஒருக்களித்து மிதந்தது. சாமியம்மாள் உட்காரவே இல்லை. குவார்ட்டர்ஸுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள்.

"என்னைப் பார்த்தா ஓடி வருமுங்க. இப்ப மூணு நாளா மூச்சுக்குத் தவிச்சிகினு கெடக்குது. நீங்களே முடிச்சிடுங்க."

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சு. நீயே செய்யேன், உனக்கு ஒரு நிமிஷ வேலை!" என்றான் கணவன் ராயப்பன்.

"ஐயோ, என்னால ஆவாது!"

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் குஞ்சிதபாதத்திடம் ஓடினாள்.

"சார், வலி தெரியாம மீன் சாக வழி இருக்குங்களா?"

"நீயா கேக்கறே?" அவர் சிரித்துவிட்டார். பல்வலிக்கு வைத்திருந்த கிராம்புத் தைலத்தைக் கொடுத்தார். "தண்ணியில நல்லாக் கலந்து விடு. மயங்கினதும் இன்னும் கொஞ்சம் விடு. தூக்கத்திலேயே போயிடும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். மீனின் அசைவு நின்றதும், முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு அழுதாள்.

வாசலில் வாடிக்கைக்காரர் ஒருவரின் சைக்கிள் மணி ஒலித்தது.

"சாமியம்மா! மார்க்கெட்டுல உன் அருவாமனை சும்மா கெடக்குதே? எழுந்து வா. எப்பவும் போல உயிர் விரால் மீனாப் பார்த்து ரெண்டு வெட்டிக் குடு!"

சாமியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னிக்குக் கடை இல்லீங்க. வூட்டுல ஒரு சாவு."